பீச்சாங்கையில ஒரு கல்யாணப் பந்தி

உங்க அம்மா கழுத்துல மூணாவது முடிச்சு போட்டது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாதுல்ல. அப்படியே இருந்துடுங்க. தெரிஞ்சே ஆவணும்னு கெளம்புனவ நானு, அந்த அனுபவத்துலதான் சொல்றேன்.

எங்க பக்கம் தாலி கட்டுறதுன்னா மூணு முடிச்சு. மொத முடிச்சு மாப்பிள்ளை போடுவாரு. மீதி ரெண்டும் மாப்பிள்ளையோட அக்காவோ தங்கச்சியோ, அதாவது பொண்ணுக்கு நாத்தனார், பின்னாடி நின்னு போடணும். ஒரு நாத்தனார் இருந்தா பிரச்சனை இல்ல. எங்கப்பாவுக்கு ரெண்டு தங்கச்சி. பெரிய அத்தை மேல்பட்டாம்பாக்கம், சின்ன அத்தை கிள்ளை, நடுவுல கடலூர்ல நாங்க. ரெண்டு பக்கத்துலேர்ந்தும் போன் வர்றதுக்கு வசதியான எடம்.

ரெண்டு அத்தையும் "உங்கம்மா கழுத்துல முடிச்சு போட்டது நான்தான்"னு சொல்லுவாங்க. நான் பொறந்ததுலேர்ந்து இதைக் கேக்குறேன். தீபாவளி, காதுகுத்து, எழவு வீடு, எங்க சேர்ந்தாலும் ஒரு ரவுண்டு இது ஓடும். அப்புறம் காப்பி குடிப்பாங்க. கல்யாணம் ஆயி எவ்ளோ வருஷம்? இருவத்தேழு.

இது காமெடியாவே போயிட்டிருந்துச்சு, அப்பாவுக்கு அறுவது முடியிற வரைக்கும். அறுபதாம் கல்யாணத்துல மறுபடியும் தாலி கட்டணும். மறுபடியும் மூணு முடிச்சு. அம்மாவுக்கு சொந்த ஊரு சிதம்பரம், மொத கல்யாணமும் அங்கதான் நடந்துச்சு, அதனால இதுக்கும் அங்கயே மண்டபம் புடிச்சாச்சு. விஷயம் தெரிஞ்ச அன்னிக்கே பெரிய அத்தை போன் பண்ணாங்க. "அண்ணே, அன்னிக்கு யாரு முடிச்சு போட்டாளோ அவதான் இன்னிக்கும் போடணும். அதான் மொறை." அரை மணி நேரத்துல சின்ன அத்தை போன். "அக்கா சொன்னது கரெக்டுண்ணே. அன்னிக்கு போட்டவதான் இன்னிக்கும் போடணும். நான் பச்சை பார்டர் பொடவை எடுத்துட்டேன்."

அப்பா போனை வச்சிட்டு பத்திரிகை புரூஃபை கவுத்து வச்சாரு. அவரு ஜாஸ்தி பேச மாட்டாரு. அன்னிக்கு பேசுனாரு.

"எனக்கு பட்டு வேட்டி வேணாம். மோதிரம் வேணாம். என் தங்கச்சிங்க ரெண்டு பேரும் என் பின்னாடி நிக்கணும். அதுல ஒண்ணு வரலைன்னாலும் மண்டபத்தை கேன்சல் பண்ணிடுங்க."

எனக்கு இது ரொம்ப சிம்பிளா தெரிஞ்சிது. நான் கம்ப்யூட்டர் படிச்சவ. ஆதாரம் இருந்தா சண்டை எதுக்கு? "கல்யாண ஃபோட்டோவ பார்த்தா தெரிஞ்சிடப் போவுது, இதுக்கு ஏம்ப்பா மண்டபத்தை கேன்சல் பண்ற"ன்னு கேட்டேன்.

அதுல ஒரு சின்ன சிக்கல். கடலூர்ல மழைத்தண்ணி வூட்டுக்குள்ள வந்தப்ப ஆல்பம் கீழ் தட்டுல இருந்துச்சு. இப்ப அது ஆல்பம் இல்ல, செங்கல். பக்கத்தைப் பிரிச்சா அம்மா மூஞ்சி அப்பா மூஞ்சில ஒட்டிகிட்டு வரும். ஆனா நெகட்டிவ் பொழச்சிருச்சு. அம்மா அதை ஜாக்கெட் பட்டன், ஊக்கு, அறுந்த கொலுசு இதெல்லாம் போடுற பிஸ்கட் டின்ல வச்சி பீரோ மேல ஏத்தியிருந்தாங்க. பழுப்பு கலர்ல, நாலு நாலு ஃபோட்டோவா வெட்டுன பட்டைங்க. வெளிச்சத்துல காட்டுனா பேய்ங்க கல்யாணம் பண்ணிக்கிற மாதிரி இருக்கும். பல்லு கருப்பு, முடி வெள்ளை.

"அதை ஏன் நோண்டுற பாப்பா, வுடு"ன்னாரு அப்பா. நான் அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்.

மொதல்ல பிரிண்டு போடக் குடுக்கலாம்னு சிதம்பரம் போனேன். நான் மூணு வருஷம் காலேஜ் படிச்ச ஊரு, மேல வீதில எனக்குத் தெரிஞ்ச ஸ்டுடியோ ஒண்ணு இருக்குது. அங்க ஒரு அக்கா, ஒருத்தருக்கு பாஸ்போர்ட் ஃபோட்டோவுல கோட்டு மாட்டி விட்டுகிட்டே என் டின்னைப் பார்த்தாங்க.

"நெகட்டிவா? எங்ககிட்ட மிஷின் இல்ல. சென்னைக்கு அனுப்பணும். இருவது நாளு ஆவும்."

"எனக்கு ஒம்பது நாள்ல ஃபங்ஷன்க்கா."

"அப்ப வேற ஃபங்ஷனுக்கு வச்சிக்க."

நானே பண்ணிக்கிறேன்னு டின்னைத் தூக்கிட்டு வந்துட்டேன். வீடியோ நாலு பார்த்தேன். எல்லாத்துலயும் ஒரே ஃபார்முலாதான். லேப்டாப்புல வெள்ளை ஸ்கிரீன், அது மேல நெகட்டிவ், மேலேர்ந்து போன்ல ஃபோட்டோ, அப்புறம் கலரை மாத்தி போட்டா முடிஞ்சிது. அஞ்சு நிமிஷ வேலைன்னாங்க. அவுங்க வூட்டுல எங்கம்மா இல்ல போலருக்கு.

மொத நாள் எடுத்ததுல லேப்டாப் ஸ்கிரீனோட புள்ளி புள்ளியெல்லாம் ஃபோட்டோவுல வந்துச்சு. சரின்னு நடுவுல ட்ரேசிங் பேப்பர் வச்சேன். போன் ஆடுச்சு. சத்துமாவு டப்பாவுக்கு அடியில ஓட்டை போட்டு, அதுக்கு மேல போனை கவுத்து வச்சேன். "அந்த டப்பா எங்க"ன்னு அம்மா கேட்டாங்க, கண்ணால பார்த்தாங்க, மிச்ச டப்பாவையெல்லாம் எடுத்து பீரோவுல வச்சி பூட்டுனாங்க. நெகட்டிவ்ல தூசி இருந்துச்சு, துப்பட்டாவுல தொடைச்சேன், கோடு வுழுந்துச்சு. அந்த கோடு இப்ப அப்பாவோட நெத்திலேர்ந்து ஐயரோட வயித்து வரைக்கும் ஓடுது. நிரந்தரமா.

கலரை மாத்துனதும் எல்லாரும் நீலமா வந்தாங்க. அப்பா நீலம், அம்மா நீலம், நாதஸ்வரக்காரர் கருநீலம். மொத்த மண்டபமும் புராண நாடகம் போட வந்த மாதிரி இருந்துச்சு. அம்மா எட்டிப் பார்த்துட்டு "எங்க வூட்டு ஆளுங்க இவ்ளோ கருப்பில்லையே"ன்னாங்க. இவங்க நீலம்மான்னு சொன்னேன். அதுக்கும் சேர்த்து கோச்சிகிட்டாங்க. ஆப்புல அந்த பழுப்பை எடுக்கறதுக்கு ஒரு ஸ்லைடர் இருக்குதுன்னு மூணாவது நாள்தான் கண்டுபுடிச்சேன். அப்புறம் மனுஷங்க மனுஷ கலருக்கு வந்தாங்க.

தாலி கட்டுற ஃபோட்டோ கெடைச்சிது. அப்பா ரெண்டு கையையும் அம்மா கழுத்துகிட்ட கொண்டு போறாரு. அம்மாவுக்குப் பின்னாடி நெருக்கி நின்னு, சடையை ஒதுக்கிப் புடிச்சிகிட்டு ஒரு அத்தை. மேல அட்சதை பறக்குது. பக்கத்துல இன்னொரு பொம்பளையோட தோளு மட்டும் தெரியுது, மூஞ்சி ஒரு மாமாவோட கைக்குப் பின்னாடி.

நிக்கிறது எந்த அத்தை? அங்கதான் மாட்டுனேன். ரெண்டு பேருக்கும் ஒண்ணரை வயசுதான் வித்தியாசம், அப்ப அச்சு அசலா ஒரே மூஞ்சி. பொடவையை வச்சி சொல்லலாம்னா, நாத்தனாருங்களுக்குள்ள சண்டை வரக்கூடாதுன்னு ஒரே கடையில ஒரே கலர்ல ஒரே பொடவை ரெண்டு எடுத்துக் குடுத்திருக்காங்க. சண்டை வராம இருக்க செஞ்ச வேலை.

ஆனா ஒரு க்ளூ இருக்குது. மூக்குத்தி. பெரிய அத்தைக்கு வலது மூக்குல. சின்ன அத்தைக்கும் வலதுலதான் குத்துனாங்களாம், சீழ் புடிச்சிட்டதால சின்ன வயசுலயே இடதுல மாத்தி குத்துனாங்க. இது குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும். பெரிசு பண்ணிப் பார்த்தேன். மூக்குத்தி பளிச்சுன்னு இடது பக்கம் மின்னுது.

கேஸ் முடிஞ்சிது. ஃபோட்டோவ குடும்ப குரூப்புல போட்டு, மூக்குத்தியைச் சுத்தி செவப்பு வட்டம் வரைஞ்சி, "ஆதாரம் கிடைத்துவிட்டது. சின்ன அத்தை வெற்றி"ன்னு எழுதுனேன். அது மேல ஒரு கோப்பை பொம்மை வேற.

ரெண்டு நிமிஷத்துல சின்ன அத்தையோட வாய்ஸ் நோட்டு. மொத பத்து செகண்டு வெறும் சிரிப்பு. அப்புறம், "என் மருமவ படிச்ச பொண்ணு. அவளாவது உண்மையை வெளிய கொண்டாந்தா." பெரிய அத்தை குரூப்பை வுட்டு வெளிய போனாங்க. அதுக்கப்புறம் அப்பாவுக்கு போன் வந்துச்சு.

நான் பக்கத்துல நின்னேன், நல்லா கேட்டுது. "பத்திரிகையிலேர்ந்து என் பேரை எடுத்துடுண்ணே. பொய் சொன்னவன்னு இத்தன பேரு முன்னாடி ஆக்கிட்டீங்க. நான் எந்த மூஞ்சிய வச்சிகிட்டு வர்றது?"

அப்பா "சரிம்மா... இல்லம்மா... சரிம்மா"ன்னு மட்டும்தான் சொன்னாரு. அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுல ரசத்தை ஊத்தி வச்சிட்டு பெசையவே இல்ல. மண்டபத்துக்காரர் நம்பரை எடுத்து வச்சிகிட்டு உக்காந்திருந்தாரு. வாயாடலாம், சண்டை போடலாம், ஆனா அந்த மனுஷன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, அதையும் நான் செவப்பு வட்டம் போட்டு கெடுத்துட்டேன்.

சரி, சூட்டைக் கொறைப்போம்னு மறுநாள் காலையில குரூப்புல வேற ஃபோட்டோவா போட ஆரம்பிச்சேன். மாலை மாத்துறது, நலங்கு, பந்தி. எல்லாரும் இதயம் போட்டாங்க. அப்ப சின்ன அத்தை வூட்டுக்கார மாமா, குரூப்புல வருஷத்துக்கு ஒரு தடவைதான் வாய் தொறப்பாரு, எழுதுனாரு: "என்னா மச்சான், உங்க வூட்டு ஆளுங்க மொத்த பேரும் பீச்சாங்கையில சாப்புடுறாங்க?"

ஃபோட்டோவப் பார்த்தேன். முப்பது பேரு, வரிசையா எலை போட்டு, முப்பது பேரும் இடது கையால சாம்பார் சாதம் உருட்டுறாங்க. சுத்தபத்தமா இருக்குற பெரிய தாத்தா கூட. பாயசம் ஊத்துறவரு இடது கையால ஊத்துறாரு. முன்னாடி நாள் இதை நான் பார்த்திருக்கேன், கலர் மாத்தியிருக்கேன், சாம்பாரோட மஞ்சளை சரி பண்ணியிருக்கேன். கையைப் பார்க்கல.

அம்மா பின்னாடிலேர்ந்து பார்த்தாங்க. "ஏன்டி, என் முந்தானை வலது தோள்ல கெடக்கு. நான் என்னைக்குடி அப்படி கட்டுனேன்?"

நெகட்டிவ்க்கு ரெண்டு பக்கம். ஒண்ணு பளபளன்னு இருக்கும், இன்னொண்ணு மங்கலா இருக்கும். எந்தப் பக்கம் மேல வரணும்னு ஈசியா சொல்லிடலாம், ஓரத்துல நம்பர் இருக்கும், அது நேரா படிக்க வந்தா சரி. அந்த ஓரத்தை வெளிச்சம் வரக்கூடாதுன்னு நானே அட்டை வச்சி மறைச்சிருந்தேன். மொத்த கல்யாணமும் கண்ணாடியில பார்க்குற மாதிரி திரும்பிருச்சு. இடது வலதாச்சு, வலது இடதாச்சு. மூக்குத்தியும்தான்.

ஆக நிக்கிறது பெரிய அத்தை.

"இப்ப என்னா பண்ணப் போற? பெரியவளுக்கு கோப்பை குடுப்பியா?"ன்னாங்க அம்மா. "அவ வருவா, சின்னவ போவா. அவ்ளோதான் வித்தியாசம்."

இந்த தடவை ஒழுங்கா பண்ணலாம்னு அந்த பட்டையை சரியா திருப்பிப் போட்டு நாலு ஃபோட்டோவையும் எடுத்தேன். போன தடவை மூக்குத்தி கெடைச்சதும் அடுத்த ஃபோட்டோவ நான் பார்க்கவே இல்ல, ஆதாரம்தான் இருக்கேன்னு. அடுத்ததுல ரெண்டு அத்தை மூஞ்சியும் தெரியுது. ரெண்டு பேரும் அம்மாவைப் பார்க்கல. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துகிட்டு, வாயைத் தொறந்துகிட்டு, பெரிய அத்தை ரெண்டு கையும் சின்ன அத்தை தோளைத் தள்ளுது, சின்ன அத்தை ரெண்டு கையும் பெரிய அத்தை முழங்கையைப் புடிச்சிருக்குது. நாலு கையும் அங்க. அப்ப அம்மா கழுத்துல இருக்குற ரெண்டு கை யாருது? பெரிசு பண்ணேன். முடி வச்ச கை. இடது மணிக்கட்டுல தங்க கலர் வாட்ச்சு, மாமியார் வூட்டுல போட்ட மாப்பிள்ளை வாட்ச்சு.

அதுக்கடுத்த ஃபோட்டோவுல அப்பா கையைக் கீழ எறக்கிட்டாரு. ரெண்டு அத்தையும் அம்மா கழுத்துக்குப் பின்னாடி மாலையைப் போட்டு கசக்கிகிட்டு இருக்காங்க. ரெண்டு பேரு மூஞ்சிலயும் சாதிச்ச களை.

அப்பா பின்பக்கம் வாளியில தண்ணி புடிச்சிட்டிருந்தாரு. போனை மூஞ்சிக்கு நேரா நீட்டுனேன்.

"மூணும் நீயாப்பா?"

குழாயை மூடுனாரு. "ஐயரு நேரம் போவுது நேரம் போவுதுன்னாரு. இதுங்க ரெண்டும் நகரு நகருன்னு இருந்துச்சுங்க. கயிறு என் கையில இருந்துச்சு. போட்டுட்டேன்."

"அதை சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"பெரியவ வந்து நான்தானண்ணே போட்டேன்னு கேட்டா. ஆமாம்மான்னேன். அப்புறம் சின்னவ வந்து கேட்டா."

"அவுங்ககிட்டயும் ஆமாம்மான்னியா?"

"கல்யாணத்தன்னிக்கு எவன் இல்லன்னு சொல்லுவான்? அதை அழிச்சிடு பாப்பா."

நான் உள்ள போய் அம்மாகிட்ட சொன்னேன். அம்மா வெங்காயம் உரிக்கிறதை நிறுத்தல. "தெரியும். என் கழுத்துல எந்த கை பட்டுதுன்னு எனக்குத் தெரியாதா?"

"இருவத்தேழு வருஷமா ஏம்மா சொல்லல?"

"என்னை யாரு கேட்டீங்க?"

உண்மைதான். இத்தனை வருஷத்துல ஒருத்தர் கூட, நானும் சேர்த்து, கழுத்துக்காரிகிட்ட கேக்கல. "இப்ப கேக்குறேன், காட்டவா வேணாமா?"ன்னேன்.

"காட்டு. நீ போட்ட வட்டத்தை நீயே போய் அழி."

மறுநாள் பஸ் ஏறி மேல்பட்டாம்பாக்கம் போனேன். பெரிய அத்தை கதவைத் தொறந்துட்டு, "கோப்பை குடுத்த கை இதானா"ன்னு கேட்டாங்க. ஃபோட்டோ திரும்பிருச்சு அத்தை, தப்பு என்னுதுன்னு பந்தி ஃபோட்டோவக் காட்டுனேன். பீச்சாங்கையைப் பார்த்ததும் உதடு லேசா ஆடுச்சு, ஆனா சிரிக்கல. "அப்ப நான்தான"ன்னாங்க. அடுத்த ஃபோட்டோவக் காட்டுனேன். ரெண்டு வெரலால இழுத்து இழுத்துப் பார்த்தாங்க. வாட்ச்சைப் பார்த்தாங்க. நான் தண்ணி கேட்டு குடிச்சிட்டு வந்தும் அதையே பார்த்துட்டிருந்தாங்க.

"செருப்பைப் போடு"ன்னாங்க. "கிள்ளைக்குப் போறோம்."

மூணு பஸ்ஸு. மேல்பட்டாம்பாக்கம் டு கடலூர், கடலூர் டு சிதம்பரம், சிதம்பரம் டு கிள்ளை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல அத்தை "கொய்யாக்கா வாங்கு, அவளுக்குப் புடிக்கும்"னாங்க.

சின்ன அத்தை வாசல்ல துணி காயப்போட்டுட்டிருந்தாங்க. அக்காவைப் பார்த்ததும் இடுப்புல கை வச்சாங்க. "சண்டைக்கா வந்த? மருமவ போட்ட ஃபோட்டோவ நீயும் பார்த்தல்ல?"

"வாயை மூடிட்டு இதைப் பாரு"ன்னு பெரிய அத்தை போனைக் குடுத்தாங்க.

சின்ன அத்தை பார்த்தாங்க. "இது நீ. இது நானு. இதுல என்னைப் பார்த்து என்னா சொல்ற நீ?"

"நகருடி எருமைன்னு சொல்றேன்."

"நான்?"

"நீதான் எருமைன்னு சொல்ற."

"அப்ப முடிச்சு யாரு...?"

"வாட்ச்சைப் பாருடி."

பார்த்தாங்க. கொய்யாக்காப் பை கீழ சாஞ்சிது, யாரும் எடுக்கல. மாமா உள்ளேர்ந்து வந்து எட்டிப் பார்த்துட்டு, "மச்சான் அந்த வேலை பார்த்துட்டாரா"ன்னு கேட்டுட்டு, ரெண்டு பேரு மூஞ்சியையும் பார்த்ததும் திரும்ப உள்ள போயிட்டாரு.

"எங்கிட்ட நீதாம்மான்னு சொன்னாருக்கா."

"எங்கிட்ட தலையில அடிச்சி சத்தியம் பண்ணாருடி."

அங்கேர்ந்து கதை மாறிப்போச்சு. இருவத்தேழு வருஷமா ஒருத்தரை ஒருத்தர் எதுத்து நின்ன ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல உக்காந்து, ஒரே போன்ல, ஸ்பீக்கர்ல, எங்கப்பாவைக் கூப்ட்டாங்க. அந்த பக்கம் "சரிம்மா... இல்லம்மா... சரிம்மா." அரை மணி நேரம். கடைசில தீர்ப்பு: ரெண்டாவது முடிச்சு பெரியவ, மூணாவது சின்னவ, அண்ணன் மொத முடிச்சு போட்டதும் ரெண்டு கையையும் மடியில வச்சிக்கணும். எல்லாரும் பார்க்குற மாதிரி.

பத்திரிகையில ரெண்டு அத்தை பேரும் இருக்கு. ரெண்டு பேரும் நேத்து சாயந்திரமே மண்டபத்துக்கு வந்துட்டாங்க, ஒரே பச்சை பார்டர் பொடவையில. சின்ன அத்தைதான் அக்காவுக்கும் ஒண்ணு எடுத்தாங்களாம். நான் மணமகள் ரூம்ல தரையில உக்காந்து, போனை சார்ஜ்ல போட்டுகிட்டு இதை டைப் பண்றேன். அம்மாவுக்கு பூ வச்சிகிட்டிருக்காங்க. ஃபோட்டோகிராஃபர்கிட்ட பின்பக்கத்துலேர்ந்தும் எடுங்கன்னு சொல்லியாச்சு.

இப்ப மணி எட்டு இருவது, முகூர்த்தம் ஒம்பதுக்கு. அப்பா கையில வாட்ச் இல்ல, இந்த தடவை நேரம் போவுதுன்னு சாக்கு சொல்லக் கூடாதுன்னு பெரிய அத்தை கழட்டி அவுங்க பைக்குள்ள வச்சிருக்காங்க.